கூரைக்குப் போன கேக்

லீமா விமான நிலையத்தில், கழிப்பறை வாசலில் சக்கர நாற்காலியை நிறுத்திவிட்டு, ரொல்தான் தன் அம்மாவுக்கு உதட்டுச்சாயம் பூசிக்கொண்டிருந்தான். அதுவரை அவன் சாயம் பூசியதெல்லாம் படகுகளுக்குத்தான். அந்த அனுபவம் அம்மாவின் முகத்தில் தெரிந்தது.

"கன்னத்துக்கும் கொஞ்சம் போடுடா," என்றாள் அல்சிரா. குரல் பாதி காற்றாக வந்தது. "கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு இவ்ளோ பூசலை."

"பேசாதம்மா. மூச்சை மிச்சம் வை."

ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். இன்றோ நாளையோ என்றார்கள். அந்த நிலையில் இருப்பவரை விமானத்தில் ஏற்ற மருத்துவர் கையெழுத்து வேண்டும். எந்த மருத்துவரும் போடமாட்டார். காட்டுக்குள் இருக்கும் எங்கள் ஊர் இக்கித்தோஸுக்கோ சாலை கிடையாது. வானம், இல்லாவிட்டால் மலையைத் தாண்டி நாள்கணக்கில் ஆறு. அம்மா கேட்டது ஒன்றுதான்: "மழையே பெய்யாத ஊர்ல என்னைப் புதைச்சிடாதடா." லீமாவின் வானம் அப்படித்தான். பாதி வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும், ஆனால் அழாது.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான் டிக்கெட் பார்த்தவன்.

"தூக்கம் சார். ராத்திரி பூரா ஒரே ஆட்டம்."

அவன் கன்னத்துச் சிவப்பைப் பார்த்தான். நம்பிவிட்டான்.

ஜன்னலோரம் ரொல்தான், நடுவில் அம்மா. ஓர இருக்கையில் டோன்யா எதெல்வினா என்று ஒரு பருத்த அம்மாள் மடியில் மூன்றடுக்குக் கேக்குடன் வந்து அமர்ந்தாள். இக்கித்தோஸில் கேக் கிடைக்காமல் இல்லை. லீமாவிலிருந்து மடியில் சுமந்து வராத கேக்கை நாங்கள் கேக்காக மதிப்பதில்லை, அவ்வளவுதான். கீழே வைக்கச் சொன்ன பணிப்பெண்ணிடம், "உன் பிள்ளையைக் கீழ வைப்பியா நீ?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

பிறகு அல்சிராவைப் பார்த்தாள். "உங்கம்மாவா தம்பி? என்னா கலரு!"

அல்சிரா மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கண்ணைத் திறக்காமலே, "அதுல எனக்கு ஒரு துண்டு உண்டா?" என்றாள்.

"பேரனுக்கு ஞானஸ்நானம் அக்கா. நாளைக்கு வீட்டுக்கு வாங்க, பெரிய துண்டாவே தர்றேன்."

"வர்றேன்."

மலைகள் முடிந்தன. கீழே பச்சை ஆரம்பித்தது. ரொல்தான் குனிந்து, "காடு தெரியுதும்மா. இன்னும் கொஞ்சம்தான். விட்டுடாத," என்றான். அம்மாவின் விரல்கள் அவன் கையை அழுத்தின.

அப்போதுதான் விமானம் விழுந்தது.

இறங்கியது என்று சொல்லமாட்டேன், விழுந்தது. காபிக் கோப்பைகள் எழுந்தன. செருப்புகள் எழுந்தன. டோன்யா எதெல்வினாவின் மடியிலிருந்து கேக், தன் பெட்டியை உதறிவிட்டு நிதானமாக எழுந்து, கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. அங்கே கொஞ்ச நேரம் யோசித்தது. முன் வரிசையில் ஒருவர், பக்கத்து ஊரான நௌத்தாவில் தனக்கு இன்னொரு குடும்பம் இருப்பதை மனைவியிடம் கத்திச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே, தலைக்கு மேலே, இன்னொரு விமானத்தின் வெள்ளை வயிறு கடந்து போனதை ரொல்தான் பார்த்தான். கைநீட்டினால் தடவியிருக்கலாம்.

பிறகு எல்லாம் நேராயிற்று. கேக் இறங்கி வந்தது. நௌத்தாக்காரருக்கு மட்டும் விபத்து அப்போதுதான் ஆரம்பம்.

விமானி பேசினார். வாயில் எச்சில் இல்லாத குரல். "எதிர்ல ஒரு விமானம் வந்திருச்சு. நம்ம கருவி 'இறங்கு, இறங்கு'ன்னு கத்திச்சு. அவங்க கருவி 'ஏறு'ன்னு கத்தியிருக்கு. ரெண்டு பேரும் சொன்னபடி கேட்டோம். அதனாலதான் இப்பப் பேசிக்கிட்டிருக்கேன்." நாட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொன்னபடி கேட்டது அதுதான் முதல் தடவை. "யாருக்காவது பலமா அடிபட்டிருந்தா, உயிருக்கு ஆபத்துன்னா, உடனே லீமாவுக்கே திரும்பிடலாம். பணிப்பெண்கள் வந்து பார்ப்பாங்க."

அம்மாவின் முகமெல்லாம் கிரீம். டோன்யா எதெல்வினா கைக்குட்டையை எடுத்து, "மன்னிச்சுக்கங்க அக்கா," என்றபடி நெற்றியைத் துடைத்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். மூக்கைத் துடைத்தாள். மூக்குக்குக் கீழே வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது.

ரொல்தான் தன் கையைப் பார்த்தான். அம்மாவின் விரல்கள் அதில் இருந்தன. பிடித்துக்கொண்டிருக்கவில்லை, இருந்தன.

"அக்கா," என்றான். டோன்யா எதெல்வினா பக்கம் குனிந்தான். "சொல்லிடாதீங்க. திருப்பிடுவாங்க. அங்க இறக்கினா பெட்டி, முத்திரை, கையெழுத்துன்னு இழுத்து அங்கேயே புதைச்சிடுவாங்க. உங்க காலைப் பிடிச்சுக்கிறேன். எங்கம்மா என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்."

அவள் கைக்குட்டையை மடித்தாள்.

பணிப்பெண் வரிசை வரிசையாக வந்தாள். அவள் நெற்றியிலும் ரத்தக் கோடு. "பாட்டிக்கு ஒண்ணுமில்லையே?"

ரொல்தான் வாயைத் திறந்தான்.

"பாட்டிக்கு என்ன கேடு!" என்று கத்தினாள் டோன்யா எதெல்வினா. "என் கேக்கைத் தின்னுட்டு நிம்மதியாத் தூங்குது. வாயைப் பாரு! மூணு அடுக்கும்மா! நாளைக்கு ஞானஸ்நானத்துக்கு நான் எதை வெட்டுவேன்? உன் தலையையா? உங்க விமானியைக் கூப்பிடு, நான் கேக்கிறேன்!"

பணிப்பெண் அல்சிராவின் உதட்டோரக் கிரீமைப் பார்த்தாள். அடுத்த வரிசைக்கு ஓடிவிட்டாள்.

விமானம் திரும்பவில்லை. பின்னால் யாரோ ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். விமானமே பதில் சொன்னது. ரொல்தானும் சொன்னான். அழுதால் தெரிந்துவிடும். உதட்டைக் கடித்து, ஒவ்வொரு ஜெபத்தின் முடிவிலும் ஆமென் மட்டும் தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னான். சாய்ந்து வந்த தலையைத் தோளில் வாங்கிக்கொண்டான்.

சக்கரங்கள் தரையைத் தொட்டதும் எல்லாரும் கைதட்டினார்கள். எங்கள் ஆட்கள் எப்போதும் தட்டுவார்கள். அன்று தட்டியதில் தலைக்கு மேலிருந்த பெட்டித் தட்டுகள் தாமாகத் திறந்துகொண்டன. தட்டாமலிருந்தால் யாராவது பார்ப்பார்கள் என்று ரொல்தானும் தட்டினான். அவன் விட்ட அம்மாவின் கையை டோன்யா எதெல்வினா எடுத்துத் தன் காலி மடியில் வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. ஆற்று வாடையோடு சூடான ஈரக்காற்று உள்ளே வந்தது. குளிர்ந்திருந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது.

ரொல்தான் அதைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிவிட்டான். மறுபடியும் ஆவி படிந்தது. மறுபடியும் கழற்றினான்.