மடிக்கு ஓர் ஆள்

பனியன் கம்பெனி தொடங்கிய மூன்றாம் வருஷம், எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுச் செய்தால் தொழில் வளராது என்று கிட்டுசாமிக்குத் தோன்றிவிட்டது. தையலை வெளியே கொடுத்தார். இஸ்திரியையும் பெட்டி ஒட்டுவதையும் கொடுத்தார். அந்த ருசியில், கல்யாணத்துக்குப் போவதையும் எழவு கேட்கப் போவதையும் வெள்ளியங்கிரியிடம் கொடுத்துவிட்டார். மில்லில் வேலை போய் வீட்டிலிருந்த வெள்ளியங்கிரி, கல்யாணத்தில் பந்தி விசாரிப்பான். எழவு வீட்டில் சொந்தக்காரர்கள் அழ ஆரம்பிக்கும் முன்பே அழுதுவிடுவான்.

"எங்கூடப் பேசறதுக்கும் ஒரு ஆளப் போட்டுருங்க," என்றாள் மனைவி தெய்வாத்தாள். "நானும் ஒருத்தியப் போட்டுக்கறேன். அவிய ரெண்டு பேரும் பேசிக்கட்டும்."

தங்கை ஞானாம்பாளின் மூன்று வயது மகளுக்கு அவிநாசிக் கோயிலில் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும். "இதுக்கும் ஆளை அனுப்புனீங்கன்னா, எனக்குப் பொறந்த ஊடே இல்லீன்னு நெனச்சுக்குவனுங்கண்ணா," என்று அவள் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

காதுகுத்தன்று காலை பார்த்து, கல்கத்தா பார்சலுக்குப் பெட்டி வந்து சேரவில்லை. சீர்த்தட்டோடு வெள்ளியங்கிரியை முன்னால் அனுப்பி, "நான் வர்ற வரைக்கும் பாத்துக்கப்பா," என்றார்.

அவன் பார்த்துக்கொண்டான். கிட்டுசாமி பஸ்ஸிலிருந்து குதித்து ஓடியபோது, பாப்பா அவன் மடியில் விசும்பிக்கொண்டிருந்தாள்.

"நேரந் தப்புதுன்னு ஆசாரி அவசரப்பட்டாருங்க மொதலாளி," என்றான் வெள்ளியங்கிரி. "ஒரு காதுதானுங்க ஆச்சு. இன்னொண்ணு இருக்குதுங்க."

கிட்டுசாமி கையை நீட்டினார். எப்போதோ பார்த்த அந்த முகத்தைக் கண்டு பாப்பா வீறிட்டாள். "வெள்ளிங்கிரி மாமா!" என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சனம் சிரித்தது. ஞானாம்பாள் சிரிக்கவில்லை.

"உக்காருங்கண்ணா."

"பாப்பா வரமாட்டீங்குதே, கண்ணு."

"அவ வரவேண்டாம். அவரு உங்க ஆளுதானுங்களே? அவர உங்க மடில வெச்சுக்குங்க. அவ அவரு மடில இருந்துக்குவா. தாய்மாமன் மடி தாய்மாமன் மடிதான்."

கிட்டுசாமி சம்மணம் போட்டார். வெள்ளியங்கிரி கூச்சத்தோடு, "மன்னிச்சுக்குங்க மொதலாளி," என்று சொல்லி உட்கார்ந்தான். இவர் போகாத கல்யாணங்களையெல்லாம் சாப்பிட்ட உடம்பு. முட்டி கழன்றுவிடும்போல இருந்தது. அகன்ற முதுகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஆசாரி எங்கே, தங்கை முகம் எப்படி இருக்கிறது, எதுவும் தெரியவில்லை.

திடீரென்று அலறல் கேட்டது. வெள்ளியங்கிரியின் தோளுக்கு மேலாக ஒரு சின்னக் கை நீண்டு, அகப்பட்ட கிட்டுசாமியின் காதைப் பிடித்து, பலங்கொண்ட மட்டும் முறுக்கியது. கண்ணில் நீர் முட்ட, அந்தக் கைக்கு இன்னும் வாகாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தார்.