முப்பத்தொன்பதாவது பெயர்

லெய்டாக்கா வீட்டு வாசற்கதவில் துடைப்பம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே யாருமில்லை, தட்டாதே என்று அர்த்தம். எங்கள் எஸ்தோனியாவில் பூட்டைவிட அதற்குத்தான் மரியாதை. ஆனால் புகைபோக்கியிலிருந்து ஜம்மென்று புகை கிளம்பிக்கொண்டிருந்தது. கொல்லைப்பக்கமாகப் போனேன். சமையலறை ஜன்னலுக்குள் அக்கா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"துடைப்பத்தப் பாத்துட்டும் வர்றியே, கண்ணு அவிஞ்சு போச்சா?"

"அடுப்பையும் அணைச்சிருக்கணும்க்கா."

சிரிப்பை அடக்கியபடி கதவைத் திறந்தவளின் முகம், என் கையிலிருந்த பதிவேட்டைப் பார்த்ததும் மாறியது. 1989ஆம் ஆண்டின் அந்த இலையுதிர்காலத்தில், ரஷ்யப் படை வருவதற்கு முன்பிருந்த எங்கள் குடியரசின் குடிமக்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் நாங்களே வீடு வீடாகப் போய்ப் பதிந்துகொண்டிருந்தோம். எங்கள் நாடு செத்துவிடவில்லை என்று சொல்ல எங்களிடம் இருந்தது அந்த நோட்டுதான். ஊரில் மிச்சம் இவள் ஒருத்தி.

"பேரெழுதினா பின்னாலயே லாரி வரும்டி. நாப்பத்தொம்பதுல வந்துச்சே."

எனக்குத் தெரியும். பதினேழு வயதில் அவளையும் அவள் அம்மாவையும் சைபீரியாவுக்கு ஏற்றிப் போனார்கள். அம்மா திரும்பவில்லை. யார் யாரை ஏற்றுவது என்று எங்கள் ஊர்ப் பட்டியலை எழுதியது கிராம அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா. அது அவளுக்கும் தெரியும். இருபது வருஷமாக இருவரும் ஒரே பால்பண்ணையில் வேலை பார்க்கிறோம். ஒரு நாள்கூட அதைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. இவளைக் கட்டாயப்படுத்த எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நோட்டை மூடினேன்.

"இரு." கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினாள். கண்ணாடியை மாட்டி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். முப்பத்தெட்டுப் பேர். "ஹில்யா, உன் பேரு எங்கடி?"

நான் தரையைப் பார்த்தேன். "எங்கப்பா எழுதின பட்டியலுக்கப்புறம், நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு எழுதறதுக்கா?"

"அப்ப உனக்கு அஞ்சு வயசு. மண்ணத் தின்னுக்கிட்டு திரிஞ்ச. பேனாவக் குடு."

என் பெயரை அவளே எழுதினாள். தந்தை பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அடுப்பில் விறகு வெடித்தது. பிறகு 'வில்லெம்' என்று ஓரெழுத்தும் குறையாமல் எழுதினாள். அடுத்த வரியில் தன் பெயர், தன் பெற்றோர் பெயர். அப்படியொரு நன்றியை நான் வாழ்நாளில் உணர்ந்ததில்லை. சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

"பக்கத்துல நின்னு அழுவாதடி, எழுத்து நனைஞ்சிரும்" என்றாள். நோட்டை என்னிடமிருந்து தள்ளிப் பிடித்து, ஈரம் காயாத அந்த இரண்டு வரிகளையும் மெல்ல ஊதத் தொடங்கினாள்.