கை சுத்தம்

கடையில் கல்லாவில் உட்காருபவருக்குத் தன் கை சுத்தத்தைப் பற்றி அலாதிப் பெருமை. முதலாளியே பெட்டிச் சாவியை இவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். ஆகவே அன்று மாலை மழலைப் பள்ளி வாசலில் டீச்சர் சொன்னது அவர் தலையில் இடியாக இறங்கியது.

"சார், உங்க பொண்ணுக்குக் கை சுத்தமே இல்ல. அவகிட்டேருந்து மத்த பிள்ளைங்களுக்கும் தொத்திக்குது. வீட்ல சொல்லி வைங்க."

சுற்றி நின்ற பெற்றோர் எல்லாரும் அவர் கடையில் சாமான் வாங்குபவர்கள். மனிதருக்கு மானமே போயிற்று. என்ன ஏது என்று கேட்க வாய் வராமல் பிள்ளையை இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். வந்ததும் விசாரணை தொடங்கியது.

"இந்தக் கையால என்னத்த எடுத்த?"

ஐந்து வயது வாண்டு தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "மண்ணு எடுத்தேன்."

"அப்புறம்?"

"மூக்குலேருந்து எடுத்தேன்."

"யாரு மூக்குலேருந்து?"

"என் மூக்குலேருந்துதான்."

சமையலறையில் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். இவருக்கோ கோபம் தலைக்கேறியது. மகளின் பையைத் தலைகீழாகக் கொட்டினார். பாதி கடித்த பிஸ்கட் ஒன்றுதான் விழுந்தது. அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

"இனிமே அடுத்தவங்க பொருள் எதையும் தொடக் கூடாது. தொட்டா உன்கூடப் பேச மாட்டேன்."

குழந்தை முகம் சுண்டிப்போய்த் தலையாட்டியது.

மறுநாள் மதியம் டீச்சர் போன் செய்தார். "என்ன சார், கை கழுவப் பழக்குங்கன்னு சொன்னா இப்படிப் பண்ணி வச்சிருக்கீங்க? சோப்பையும் தொட மாட்டேங்கிறா, குழாயையும் தொட மாட்டேங்கிறா. அடுத்தவங்க பொருளாம்! ஏற்கெனவே பாதி வகுப்பு வயித்துப்போக்குல படுத்திருக்கு சார்."

கல்லாக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அசடு வழிய ஓடினார். குழாயடியில் மகள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது.

அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "தொடலாம் கண்ணு. சோப்பு எல்லாருக்கும் பொது."

"அப்போ நான் திருடி இல்லியாப்பா?"

அந்த வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. ஊர் வாய்க்குப் பயந்து பெற்ற பிள்ளையைச் சந்தேகப்பட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இல்லடா. அப்பாதான் மடையன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சோப்பை எடுத்தாள்.

"சரி மடையப்பா, கையை நீட்டு."