கட் சொல்லாத ஷாட்

ஆரியசாலைச் சந்தையில் மூட்டை சுமக்கும் அழகியநம்பிக்குத் தவில்தான் உயிர். கூடவே ஒரு தொந்தரவும் உண்டு. திடீரென்று கழுத்து வெட்டும், தொண்டையிலிருந்து "ஹோய்!" என்று ஒரு கூவல் கிளம்பும். அடக்கினால் அடங்காது. டாக்டர் அதற்கு டூரெட் என்று பேர் சொன்னார். கோயில் கச்சேரியில் நாதஸ்வரம் மெதுவாக ராகம் இழுக்க, தவில் சும்மா இருக்கும் நேரம் பார்த்து அது வந்து தொலைக்கும். மேளச் செட்டுக்காரர்கள் பாதியிலேயே எழுப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு கச்சேரியையும் அவன் முழுசாக வாசித்து முடித்ததில்லை.

இப்போது அந்தக் கூவலுக்காகவே சினிமாக்காரர்கள் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். ஷூட்டிங் அதே சந்தைத் தெருவில். டூரெட் உள்ள தவில்காரனின் கதையாம். இன்றைக்கு இந்த ஷாட் சரியாக வந்தால் அவன்தான் ஹீரோ. இல்லாவிட்டால் நாளை கொச்சியிலிருந்து ஒரு நடிகன் வருவான்.

அவனுடைய கெட்ட நேரம், வாசிக்கத் தொடங்கினால் கூவல் வரவே மாட்டேனென்றது.

"ஒண்ணு கூவு மோனே!" என்று கெஞ்சினார் டைரக்டர் மஹேஷ். கேமராவும் அவர் நாற்காலியும் ஒரு பலகை மேடையில் இருந்தன. அதை இடம் மாற்ற நம்பியோடு மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் நாலு பேர் மூலைக்கொருவராக நின்றார்கள்.

நம்பி கூவிப் பார்த்தான். கழுத்தைத் திருகிய கோழிபோல் இருந்தது.

"ஐயே, நடிப்பு! கட்!"

தவிலிலிருந்து கையை எடுத்ததுதான் தாமதம், "ஹோய்!" என்று தெரு அதிர வந்தது. மறு நொடி மஹேஷும் கேமராவும் மேடையோடு தோள் உயரத்துக்குப் போய்விட்டார்கள்.

"அய்யோ! ஆருடா தூக்கச் சொன்னது?"

"அவன் கூவினா நாங்க தூக்குவோம், சாரே," என்றான் மேடைக்கு அடியிலிருந்து சுமட்டுக்காரன் ரதீஷ். "மூட்டை தூக்க ஒரு விளி வேண்டே? இவன் எப்படியும் கூவுவான். பின்னே எதுக்கு நாங்க வேற தொண்டையைக் கெடுக்கணும்?"

"எறக்குடா!"

"அதுக்கும் அவன்தான் கூவணும்."

நம்பிக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்த சிரிப்பில் அடுத்த கூவலும் வந்தது. இறக்கினார்கள்.

மஹேஷ் வேர்வையைத் துடைத்தார். "ரதீஷே, இனி அவன் என்ன கூவினாலும் ஒருத்தனும் அனங்கக் கூடாது, நின்ன இடத்திலேயே நிக்கணும். மோனே, நீ வாசி. கூவல் வராம நான் கட் சொல்ல மாட்டேன்."

"வரலைன்னா சார்?"

"வாசிச்சுக்கிட்டே இரு."

இப்படி ஒரு வார்த்தையை அதுவரை எவனும் அவனிடம் சொன்னதில்லை. நம்பி வலக்கை விரல்களில் மாட்டிய கூடுகளைச் சரிசெய்துகொண்டு, இடக்கையில் கழியை எடுத்தான். சாக்குத் தேய்த்துக் காய்த்துப்போன கை, தோலில் மழையாக இறங்கியது. பக்கத்துக் கடை வற்றல் மிளகாய் நெடியில் சவுண்டுக்காரன் மூக்கைப் பொத்தித் தும்மலை விழுங்கினான். சுமட்டுக்காரர்கள் வாய் பிளந்து நின்றார்கள். கூவல் வரவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஆசை தீர வாசித்து, முத்தாய்ப்பாகக் கடைசித் தீர்மானமும் வைத்துக் கையை எடுத்தான்.

கழுத்து வெட்டியது. "ஹோய்!"

கேமரா அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓகே!" மஹேஷ் துள்ளி எழுந்தார். "கொச்சிக்காரன் வரவேண்டாம்னு சொல்லு! இவன்தான் ஹீரோ. மோனே, சேஃப்டிக்கு இன்னொரு ஷாட்கூட எடுக்கலாமா?"

அவர் சொல்லி முடிக்கும் முன்பே தவில் பேசத் தொடங்கிவிட்டது.