ரசிகர் மன்றச் செயலாளர்

என் புருஷன் கீத்தின் தலைமுடியை முதன்முதலில் கோணலாக வெட்டிவிட்டவள் நான்தான். அழகுக்காக இல்லை. அவனுக்கு இடது கண் ஒன்றரைக் கண். மேடையில் நின்று பாடினால் யாரைப் பார்க்கிறான் என்றே தெரியாது. முன்வரிசைப் பையன்கள் தங்களைத்தான் முறைக்கிறான் என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதனால் இடது பக்கத்து முடியை நீளமாக விட்டுக் கண்ணை மறைத்தேன். கன்னத்தில் பருத் தழும்பு, அதற்கு என் பவுடரை அப்பினேன். எங்கள் துறைமுக ஊரில் ஹெஸ்ஸில் ரோடு என்ற தெருவில் இழுத்து மூடிய சினிமாக் கொட்டகையின் சாம்பல் நிறத் திரைச்சீலை மலிவாகக் கிடைத்தது. அதில் அவர்கள் பாட்டுக் குழுவின் நாலு பேருக்கும் கழுத்துவரை பொத்தான் வைத்த கோட்டு தைத்துக் கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு லண்டன் பத்திரிகை அவனை நியூ வேவ் இசையின் பனி இளவரசன் என்று எழுதியது. உறைந்த ஐரோப்பாவின் தனிமை அந்த முகத்தில் தெரிகிறதாம். இளவரசன் பக்கத்துக் கடற்கரை ஊரான ஸ்கார்பரோவைத் தாண்டிப் போனதில்லை. பனிக்கட்டி என்றால் அவனுக்குத் தெரிந்தது மீன் பெட்டியில் கொட்டுகிற பனிக்கட்டிதான்.

விண்டர் ஆபீஸ் என்பது அவர்கள் குழுவின் பெயர். ஹல் நகரத்து வேலையில்லாதோர் அலுவலகத்தில் ஒரு ஜனவரி காலை ஹீட்டர் ஓடாமல் வரிசையில் நடுங்கிக்கொண்டு நின்றபோது வைத்தது. அதை ரெக்கார்டு கம்பெனி ஏற்றுக்கொண்டது. கீத் என்ற பெயரைத்தான் ஏற்கவில்லை. குழாய் ரிப்பேருக்கு வருகிற ஆள் பெயர் மாதிரி இருக்கிறதாம். லூசியன் என்று மாற்றினார்கள். வீட்டில் நான் ஒரு வாரம் அந்தப் பெயரைச் சொல்லிக் கிண்டலடித்தேன். "லூசியன் துரை, குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வர்றீங்களா?" என்பேன். அவனும் சிரித்துக்கொண்டே கொட்டிவிட்டு வருவான். எங்கள் மகள் நடீனுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை.

அந்தச் சிரிப்பிலேயே என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடப் பெண்கள் வாசிக்கிற ஒரு வாரப் பத்திரிகை அவனுக்குக் கேள்வித்தாள் அனுப்பியிருந்தது. பிடித்த நிறம், பிடித்த உணவு, பயப்படுவது எதற்கு என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள். கீத்துக்கு எழுதுவதென்றால் எட்டிக்காய். முடிதிருத்தும் கடையில் நாளெல்லாம் நின்று கால் வீங்கி வந்த நான்தான் சமையலறை மேசையில் உட்கார்ந்து நிரப்பினேன். பிடித்த உணவு சிப்பியும் ஷாம்பெயினும் என்று எழுதினேன். அவன் அந்த நேரம் பக்கத்தில் நின்று வினிகர் ஊற்றி உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தான். கடைசிக் கேள்வி, உங்கள் மனதைக் கவர்ந்தவள் யார்? "இன்னும் அவளைச் சந்திக்கவில்லை. அவள் எங்கோ இதை வாசித்துக்கொண்டிருக்கிறாள்" என்று எழுதிவிட்டு உரக்க வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியது. முதுகில் தட்டிக்கொடுத்தேன். மறுநாள் நானே தபாலில் போட்டேன்.

அச்சில் வந்த மூன்றாம் நாள் கடிதங்கள் வர ஆரம்பித்தன. இரண்டாம் வாரம் சாக்கில் வந்தன. "எங்கோ வாசித்துக்கொண்டிருப்பவள் நான்தான்" என்று நாடு முழுக்க ஆயிரம் பெண்கள் எழுதியிருந்தார்கள்.

அதைப் பார்த்துத்தான் பிலிப்பா லண்டனிலிருந்து ரயிலேறி வந்தாள். கம்பெனியில் விளம்பரம் பார்ப்பவள். அவள் மேல் எனக்கு இன்றுவரை முழுசாகக் கோபம் வரமாட்டேன் என்கிறது, அவ்வளவு இனிமை. தரையில் உட்கார்ந்து நடீனோடு விளையாடினாள். கோட்டைப் புரட்டித் தையலைப் பார்த்து, நான் ஒரு மேதை என்றாள். அப்புறம் தேநீர் குடித்துக்கொண்டே, கல்யாணம் ஆன செய்தி வெளியே போனால் அந்தச் சாக்குகள் நின்றுவிடும் என்று சொன்னாள்.

"மறைக்கச் சொல்லலை, லோரெய்ன். நாமளா சொல்ல வேண்டாம்னுதான் சொல்றேன். அந்த வரியை எழுதினவருக்கு இது நல்லாவே புரியும். கையில எப்படிப்பட்டதை வச்சிருக்கோம்னு உங்களுக்குத் தெரியும்ல?"

எழுதினவள் நான் என்று சொல்ல வாய் வரவில்லை. கீத்தைப் பார்த்தேன். அவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் போனபிறகு, ஆறு மாதம்தான், ஒரு பாட்டு விற்பனைப் பட்டியலில் முதல் இருபதுக்குள் வந்துவிட்டால் அப்புறம் யார் கேட்கப்போகிறார்கள் என்றான். மோதிரத்தைக் கழற்றினேன். ரசிகர் மன்றச் செயலாளர் மிஸ் பெல் ஆனேன். அது என் கல்யாணத்துக்கு முந்தைய பெயர். என் புருஷனுக்கு வந்த காதல் கடிதங்களுக்கு அவன் கையெழுத்தில் பதில் போடுவது என் வேலை. அவன் கையெழுத்தும் நான் போட்டதுதான்.

ஆறு மாதத்தில் எல்லாம் சரியாகும் என்று நானும் நம்பினேன். நம்பியதால்தான் அதைவிடக் கேவலமான ஒரு காரியத்தையும் செய்தேன். வீட்டு வாசலில் பெண்கள் வந்து நிற்கத் தொடங்கியதும், வெளியாள் இருந்தால் அப்பா என்று கூப்பிடக் கூடாது என்று நடீனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். லூசியன் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் விளையாட்டாகச் சொல்லிப் பார்த்தேன். அது அவள் மனதில் நிற்கவில்லை. ஒருநாள் கடைத்தெருவில் மறந்துபோய் அப்பா என்று கத்திவிட்டாள். நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அதற்கப்புறம் மறக்கவே இல்லை.

மார்ச் மாதம் அந்தப் பத்திரிகை 'லூசியனுடன் ஒரு மதியம்' என்று போட்டி வைத்தது. வென்றவள் வுல்வர்ஹாம்ப்டனைச் சேர்ந்த கரோல், வயது பதினைந்து. புகைப்படக்காரரோடு எங்கள் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு. வீடு கல்யாணமாகாத ஆள் இருக்கிற இடமாகத் தெரிய வேண்டும் என்று பிலிப்பா எழுதியிருந்தாள். குழந்தைத் துணிகளை நிலக்கரிக் கொட்டிலில் போட்டேன். கல்யாணப் போட்டோவைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். நடீனை அம்மா வீட்டில் விட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கரோல் வந்தாள். நல்ல பெண், அதுதான் கொடுமை. இடது கண்ணை மறைத்து முடியைக் கோணலாகத் தானே வெட்டிக்கொண்டிருந்தாள். முடிவெட்டிப் பழகிய எனக்குப் பொறுக்குமா? கத்தரியை எடுத்துச் சரிசெய்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நான் தேநீர் கொண்டுவந்து வைத்தேன். "நன்றி மிஸ் பெல்" என்றான் கீத். அவ்வளவு லட்சணமாகச் சொன்னான்.

மூன்று மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அம்மா, கையில் நடீன்.

"உன் புருஷன் ஆடுற கூத்துக்கு என் பேத்தியை நான் எதுக்குடி ஒளிச்சு வைக்கணும்? பிடி" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பிடிப்பதற்குள் நடீன் உள்ளே ஓடிவிட்டாள். நான் பின்னாலேயே போனேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் அவள் மறந்துவிட வேண்டும் என்று மனசார வேண்டினேன். அப்பா என்று ஒரு தடவை கத்திவிடு, பாட்டும் வேண்டாம், இருபதும் வேண்டாம், எல்லாம் இதோடு உடைந்து போகட்டும்.

நடீன் அறை நடுவில் நின்றாள். புகைப்படக்காரரைப் பார்த்தாள், கரோலைப் பார்த்தாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஹலோ, லூசியன்" என்றாள்.

கீத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. கரோல் குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டு, யார் இந்தப் பாப்பா என்று கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவன் அவன், சொல்லட்டும் என்று தேநீர்க் கெண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடி சுட்டது, கீழே வைக்கவில்லை.

"மிஸ் பெல்லோட பொண்ணு" என்றான்.

மிஸ் என்றால் எப்படிப் பொண்ணு என்ற சந்தேகம் அந்தப் பெண்ணின் முகத்தில் வந்தது. பாவம், யாரையும் புண்படுத்தாமல் கேட்கப் பார்த்தாள். "இவ அப்பா..."

"கடலோட போயிட்டாரு" என்றான் கீத். யோசிக்கவே இல்லை.

எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், மீன்பிடிக்கப் போனவன் கடலிலேயே செத்துப்போனான் என்று. தெருவுக்கு நாலு வீட்டில் அப்படிப் போனவர்கள் உண்டு, கீத்தின் சொந்தச் சித்தப்பா உட்பட. பொய்யாக அந்த வார்த்தையை யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். கரோலின் கண்ணில், வெளியே தெரிந்த அந்த ஒரு கண்ணில், நீர் நிறைந்துவிட்டது. நடீனைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். அப்படியே இருங்கள் என்றார் புகைப்படக்காரர். கீத் அவர்கள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் சாய்த்தான். அந்தச் சாய்ப்பையும் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

ஐந்து மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். கரோல் என் கையைப் பிடித்துக்கொண்டு, தைரியமாக இருங்கள் என்றாள். பதினைந்து வயதுப் பெண் எனக்குத் துக்கம் விசாரித்துவிட்டுப் போனாள்.

கீத் ஈரத்துண்டால் பவுடரைத் துடைத்தான். வாய்தவறி வந்துவிட்டது, கோபப்படாதே என்றான். படம் அட்டையில் வரும்போல, வியாழக்கிழமை டிவிக்காரர்களும் வருகிறார்கள் என்றான். நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்து அடுக்கினேன். என்னைச் சமாதானப்படுத்த முடியாதென்று தெரிந்ததும் குழந்தை பக்கம் திரும்பினான். முழங்காலில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினான்.

"வாடா கண்ணு. எல்லாரும் போயிட்டாங்க. அப்பான்னு கூப்பிடு பார்ப்போம்."

நடீன் நகரவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லலாமா அம்மா?"

சொல்லு என்று ஒரு வார்த்தை. அதுதான் எனக்கு மிச்சம் இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு, கோபத்தில் வந்ததா, பழக்கத்தில் வந்ததா, இன்றுவரை தெரியாது.

"வேண்டாம்" என்றேன். "அப்புறம் குழம்பிப் போயிடுவே."

அவன் எழுந்து என்னை அறைந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நீ யாரடி என் பிள்ளையைத் தடுக்க என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், அழுது தீர்த்திருப்பேன். கீத் நீட்டின கையை மெதுவாக இறக்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அதுவும் சரிதான்" என்றான். "வியாழக்கிழமை வரைக்கும் இப்படியே இருக்கட்டும்."