ஐந்தாவது பேர்

ஜெயகுமார் லீவில் வரும்போதெல்லாம் இராக்கம்மா அவனிடம் ஒரே கதையைத்தான் கேட்பாள். தீவு முகாமின் நினைவு நாளில் தன் மகன் சிவநேசனின் பேரை எப்படி வாசிக்கிறார்கள் என்ற கதை. அவனும் சலிக்காமல் சொல்வான்.

"வெள்ளை உடுப்போட வரிசையா நிப்போம்மா. பெரிய ஐயா பேர் வாசிப்பாரு. நம்ம நேசன் பேரு அஞ்சாவது. வாசிச்சதும் கப்பல் மணிய ஒரு தரம் அடிப்பாங்க."

"முழுப் பேரையும் சொல்லுவாங்களா?"

"முழுப் பேருந்தாம்மா."

தெமோதரைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் வளர்ந்தவர்கள் நேசனும் அவனும். ஒரே நாளில் கடற்படையில் சேர்ந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் நேசன் கடலில் விழுந்து இறந்தபோது பெட்டியோடு மலையேறி வந்தவன் ஜெயகுமார். முன்னால் நின்று தோள் கொடுத்தவனும் அவன்தான். அதற்குப் பிறகு லீவுக்கு லீவு வந்து கூரைத் தகரம் மாற்றினான், விறகு பிளந்தான், அவளை வாய் நிறைய அம்மா என்றான்.

நேசன் கடைசியாகப் பேசியது இறந்த அன்று சாயங்காலம். "ஜெயாவுக்குக் காய்ச்சல்மா. படகு ஜெட்டியில அவன் காவல நான் நிக்கிறேன். காத்து பலமா அடிக்குது, காலையில பேசுறேன்." சிநேகிதனுக்காக நின்று போனான் என்ற நினைப்பு ஒன்றுதான் அவளைத் தேற்றி வைத்திருந்தது. அந்தப் பேரைத் தானும் ஒரு தடவை காதால் கேட்டுவிட வேண்டும். அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.

"பாஸ் இல்லாம விடமாட்டாங்கம்மா" என்று ஜெயகுமார் தடுத்துக்கொண்டே இருந்தான். இந்த வருடம் குடும்பத்தார் வரலாம் என்று ரேடியோவில் சொன்னார்கள். அவனுக்குச் சொல்லாமல் கிளம்பினாள். திடீரென்று போய் நின்றால் பையன் சந்தோஷப்படுவான் என்று தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டி எடுத்துக்கொண்டாள். பதுளையில் பஸ் ஏறி, இரண்டு பஸ் மாறி, கடைசியில் படகிலும் ஏறியாயிற்று. கடலை அவள் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள். பார்க்கப் பிடிக்கவில்லை.

காவல் அணியில் இடமிருந்து மூன்றாவது ஆளாக ஜெயகுமார் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து நின்றான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. சந்தோஷம்தான் என்று நினைத்தாள்.

அதிகாரி வாசிக்கத் தொடங்கினார். அவள் விரல் மடக்கினாள். நான்காவது பேருக்கே ஜெயகுமாரின் கண் தரைக்குப் போய்விட்டது. ஐந்தாவதாக வந்தது வேறு யாருடைய பேரோ. முன்வரிசையில் ஒரு கிழவர் கைகூப்பினார். ஆறு. ஏழு. மணி நின்றது. விசில் நீளமாக ஊதிற்று, கொடி இறங்கிற்று, முடிந்தது.

பேர் இல்லை. தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் தன் பேர் வராவிட்டால் அன்றைக்கு மலையில் வேலை இல்லை என்று தெரியும். இங்கே என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

காரியாலயத்தில் இருந்த பொடியன் தமிழ் பேசினான். மிப்ரான் என்று பேர், சட்டையில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதரின் பட்டி. "நான் பண்டாரவளைதான்மா. எங்கட வாப்பாக்கு அங்க கடை இருக்கு. இருங்க, பாத்துச் சொல்றன்" என்று கோப்பை எடுத்துப் புரட்டினான். புரட்டியவன் நாற்காலியை இழுத்து அவளை உட்காரச் சொன்னான்.

"கடமையில மௌத்தானவங்கட பேர மட்டுந்தான் வாசிப்பாங்கம்மா. உங்கட மகன் கடமையில இருக்கல்லன்னு எழுதியிருக்கு. அனுமதியில்லாமக் குளிக்க எறங்கினாராம்."

"எம் மகனுக்கு நீச்சலே பயம். பழகித்தான் பாஸ் பண்ணான். காத்தடிக்கிற நேரத்தில குளிக்க எறங்குவானா? யாரு பாத்தது?"

மிப்ரான் கோப்பை மூடப் பார்த்தான். அவள் அதன் மேல் கையை வைத்தாள்.

"சாட்சி ஒராள்தான். ஜெயகுமார். ஜெட்டிக் காவல்ல தான்தான் நின்டதாகவும், கண்ணால கண்டதாகவும் கையெழுத்துப் போட்டிருக்கார்."

இராக்கம்மா கோப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு ரொட்டிப் பார்சலை எடுத்து மேசையில் வைத்தாள். "நீ தின்னு ராசா. நம்ம பக்கத்து ரொட்டிதான்."

வெளியே நடக்கையில் பல வருடங்களுக்கு முந்திய மழைக்காலை ஒன்று அவளுக்கு நினைவு வந்தது. லயத்துப் பெரியாயி பிள்ளைக்குச் சுகமில்லாமல் வரவில்லை என்று, பெரட்டில் அவள் பேரைக் கூப்பிட்டபோது இராக்கம்மா "ஆமாங்க" சொல்லி மாட்டிக்கொண்டாள். கங்காணி இராக்கம்மாவின் பேரைத்தான் வெட்டப் பார்த்தார். பெரியாயி பிள்ளையை இடுப்பில் போட்டுக்கொண்டு நனைந்தபடி ஓடி வந்தாள். "எனக்காகத்தாங்க சொன்னா. வெட்டுறதுன்னா எம் பேர வெட்டுங்க." லயத்தில் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. வேறு எப்படிச் செய்வது என்று யாருக்கும் தோன்றாததால்.

படகுத்துறையில் ஜெயகுமார் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"அம்மா, கேக்காமக் காவல் மாத்தினது தெரிஞ்சா வேலை போயிருக்கும். ரெண்டு பேருக்கும் பேர் கெட்டிருக்கும். அவன் போயிட்டான். நான்..."

"நீ இருக்க. அது தெரியுது. அஞ்சாவது பேருன்னு சொன்னியே, போன ரெண்டு வருசமும் அத யாரு வாசிச்சா?"

"நான்தாம்மா. எல்லாரும் போன பிறகு இங்கதான் வந்து நிப்பேன். அவன் நின்ன எடத்தில. நானே பேரச் சொல்லுவேன். சாமி சத்தியமா, முழுப் பேரும்."

"சத்தமாவா, மெதுவாவா?"

அவன் தொப்பியைக் கையில் திருப்பினான்.

பேர் வாசித்த அதிகாரி பத்தடி தள்ளி, ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார். இராக்கம்மா அந்தப் பக்கம் பார்த்தாள், பிறகு இவனைப் பார்த்தாள்.

"இப்ப சொல்லு. அந்த ஐயாவுக்குக் கேக்கிற மாதிரி."

ஜெயகுமார் அதிகாரியைப் பார்த்தான். தொப்பியைத் தலையில் வைத்து நேராக்கினான். வாயைத் திறந்தான்.

"சிவநேசன்" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

படகு ஆடிக்கொண்டிருந்தது. ஏற்றிவிட அவன் கை நீட்டினான். அவள் நனைந்த கயிற்றைப் பிடித்துத் தானே ஏறினாள்.