வெள்ளித் தம்ளரில் குளோ வல்பெர்

அட்வகேட் பாலசுந்தரம் லண்டனில் மூன்று வருடம் இருந்தவர். வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்து இருபது வருடமாகியும் அவருக்கு அந்த மூன்று வருடம் இன்னும் முடிந்தபாடில்லை. கடற்கரையோரம் கட்டிய பங்களாவுக்கு 'கென்சிங்டன்' என்று பெயர் வைத்திருந்தார். ரெயில் போகும்போதெல்லாம் கென்சிங்டன் முழுவதும் குலுங்கும். அலுமாரிக்குள் இருக்கும் வைன் கிளாசுகள் ஒன்றோடொன்று கதைத்துக்கொள்ளும்.

அந்தக் கிளாசுகளால்தான் நாகேந்திரத்தின் உத்தியோகம் போகப் பார்த்தது.

நாகேந்திரம், கோட்டையில் டல்லிங்டன் கம்பனியின் வைன் ஸ்டோருக்குப் பொறுப்பான கிளாக்கர். கொட்டாஞ்சேனையில் வாடகை வீடு. சுத்த சைவம். முட்டை உடைகிற சத்தம் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர், பதினொரு வருடமாக நாலாயிரம் போத்தல் வைனுக்குக் காவல். ஒரு சொட்டும் நாக்கில் பட்டதில்லை. துரை அவரைத் தெரிவு செய்ததற்கும் அதுதான் காரணம். முந்திய மூன்று கிளாக்கர்மாரும் ஸ்டோரைக் குடித்தே காலி செய்திருந்தார்கள்.

குடிக்காத மனிதருக்குப் பொழுது போகவேண்டுமே. பிரான்சிலிருந்து திராட்சைத் தோட்டக்காரர்கள் வருடாவருடம் கடிதம் எழுதுவார்கள். டல்லிங்டன் துரைக்கு விஸ்கியைத் தவிர மற்றதெல்லாம் சோடா. கடிதங்கள் நேரே குப்பைக்கூடைக்குப் போகும். நாகேந்திரம் அவற்றை எடுத்து நீவி, புறக்கோட்டையில் வாங்கிய அட்டையில்லாத அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு, சொல் சொல்லாக வாசித்தார். பிரான்ஸ் எந்தப் பக்கம் என்று கேட்டால் துறைமுகத்தைக் கைகாட்டியிருப்பார். ஆனால் அந்த நாட்டில் வைனுக்குப் பேர்போன பர்கண்டியில் ஒரு பதினொரு ஏக்கர் அவருக்குத் தன் வீட்டுக் கொல்லையைவிட நன்றாகத் தெரியும்.

அந்தத் தோட்டத்துக்குக் குளோ வல்பெர் என்று பெயர். குளோ என்றால் மதில் கட்டிய தோட்டம். மதிலைக் கட்டியவர்கள் துறவிகள். எழுநூறு வருடத்துக்கு முன்பு அவர்கள் அந்தச் சரிவின் மண்ணை வாயில் போட்டுச் சுவைத்துத்தான் எல்லை பிரித்தார்களாம். உச்சியில் வெறும் சுண்ணக்கல். அடியில் ஒட்டுகிற களி. இரண்டும் கலந்த நடுச்சரிவில், காலை வெயில் முதலில் விழுகிற இடத்தில், மதில். பிறகு புரட்சி வந்து துறவிகளைத் துரத்தியது. அதற்குப் பிறகு ஒரு பூச்சி வந்து வேர் முழுவதையும் தின்றது. அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித் திரும்பவும் நட்டார்கள். சுன்னாகத்துப் புகையிலைக்கும் கரையோரப் புகையிலைக்கும் வித்தியாசத்தை மணந்தே சொல்லக்கூடிய நாகேந்திரத்துக்கு, மண்ணை ருசித்த துறவிகள் ஒரு பைத்தியக்காரக் கூட்டமாகத் தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் என்றுதான் நினைத்தார்.

ஒரு சனிக்கிழமை பாலசுந்தரம் ஒரு வெள்ளைக்கார ஜட்ஜுக்கு விருந்து வைத்தார். 'கொழும்பிலேயே விலை கூடின பர்கண்டி' என்று கேட்டு ஒரு பெட்டி குளோ வல்பெர் எடுப்பித்தார். ஜட்ஜ் கிளாசை விளக்குக்கு நேரே பிடித்தார். மாதுளம் முத்தின் நிறத்தில், அந்தப் பக்கத்துச் சுவர் தெரிகிற மாதிரி இருந்தது.

"பன்னீரோ, பாலசுந்தரம்?" என்றார் ஜட்ஜ்.

மேசை சிரித்தது. பாலசுந்தரம் குடித்துப் பார்க்கவேயில்லை. சிரிப்பைக் கேட்டதே அவருக்குப் போதுமாயிருந்தது. திங்கட்கிழமை காலையில் கம்பனிக்கு இரண்டு பக்கக் கடிதம் போனது: ஸ்டோர்க் கிளாக்கர் வைனைத் திருடி விற்றுவிட்டு, தண்ணீர் கலந்து மூடி அனுப்பியிருக்கிறான்.

துரை நாகேந்திரத்திடம் ஸ்டோர்ச் சாவிக்கொத்தை வாங்கித் தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார். "ஞாயிறு மத்தியானம் அவருடைய வீட்டில் வந்து மன்னிப்புக் கேள். கேட்டால் பொலிசுக்குப் போகமாட்டாராம். வேலை போவதோடு முடிந்துவிடும்."

அன்றைக்கு நாகேந்திரம் சொன்னதைக் கேட்ட மனைவி சரோஜினிதேவி, அரிசிச் சுளகைக் கீழே வைத்தாள்.

"குடிகாரன் எண்டாலும் பரவாயில்லை. கள்ளன் எண்டெல்லோ சொல்லுறார்! மன்னிப்புக் கேக்கப்போறீங்களோ?"

"போகத்தான் போறன்."

"கேக்கவோ?"

"போறன் எண்டுதானே சொன்னனான்."

ஞாயிற்றுக்கிழமை கென்சிங்டனில் துரை சாய்ந்திருந்தார், பாலசுந்தரம் நிமிர்ந்திருந்தார், அவருடைய மனைவி அருந்ததி வாசலோரம் நின்றாள். மிச்சமிருந்த போத்தல்களோடு பெட்டி நடுவே இருந்தது, கொலை வழக்கில் கத்தி இருக்கிற மாதிரி.

"ஐயா, அந்தத் திராட்சைக்குத் தோல் மெல்லிசு," என்று தொடங்கினார் நாகேந்திரம். "நிறம் வெளிறித்தான் வரும். இந்தப் போத்தலுக்குப் பழம் பறிச்ச வருசம் வெயிலும் குறைவு. தோட்டக்காரரே எழுதியிருக்கிறார், நிறத்தைப் பாராதேங்கோ, வாசம் வருமட்டும் பொறுத்திருங்கோ எண்டு."

பாலசுந்தரம் கோர்ட் குரலை எடுத்தார். "நீர் வைன் குடிச்சிருக்கிறீரோ?"

"இல்லை, ஐயா."

"பிரான்சுக்குப் போயிருக்கிறீரோ?"

"கொச்சிக்கடைக்கு அங்கால கடல்லை கால் நனைச்சதோடை சரி."

"குடிக்கவுமில்லை, போகவுமில்லை. பிறகு எப்பிடியப்பா உமக்குத் தெரியும்?"

"ஐயா கொலை வழக்குப் பேசுறனீங்கள்தானே. ஆரையும் கொலை செய்துபோட்டே பேசப் போறனீங்கள்?"

அருந்ததிக்குத் திடீரென்று இருமல் வந்தது. பாலசுந்தரம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க மறுத்ததை அவளே துரைக்கு மொழிபெயர்த்தாள். துரை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்ல பர்கண்டி கறுப்பாயிருக்கும்!" என்று பாலசுந்தரம் மேசையைத் தட்டினார். "நான் வழக்கமா எடுக்கிற வைனைப் பாரும், மை மாதிரி!"

"அதையும் எடுங்கோ ஐயா. இந்தப் பெட்டியிலையிருந்து ஒரு போத்தலை உங்கடை கையாலையே எடுத்துத் தாருங்கோ. அம்மா, உங்களிட்டை வெள்ளித் தம்ளர் இருக்குமே? ஆழமானதாய் மூண்டு."

"இதென்ன, கலியாண வீடே?" என்றார் பாலசுந்தரம்.

"கிளாசிலை ஐயாவுக்குக் கண் குடிக்குது. தம்ளரிலை நாக்குக் குடிக்கட்டும்."

அவர் சொல்லி முடிக்குமுன் அருந்ததி தம்ளர்களைக் கொண்டுவந்துவிட்டாள்; அவளுடைய சீதனத் தம்ளர்கள். பாலசுந்தரம் எடுத்துக்கொடுத்த இரண்டு போத்தல்களோடு நாகேந்திரம் துரையைச் சாப்பாட்டறைக்குக் கூட்டிக்கொண்டுபோய், அவர் கண்முன்னே மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். எதில் எது என்று துரையே ஒரு துண்டில் குறித்து மடித்துக்கொண்டார். தம்ளரின் அடியில் கிடந்தது சிவப்போ கறுப்போ என்று எட்டிப்பார்ப்பவருக்கும் பிடிபடாது.

"அரை மணித்தியாலம் பொறுக்கவேணும்," என்றார் நாகேந்திரம்.

பாலசுந்தரம் அந்த அரை மணித்தியாலத்தையும் லண்டனில் கழித்தார். மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போனார். தேம்ஸ் நதியின் மூடுபனிக்குள் நின்றபடியே நாகேந்திரம் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு வருடம் வாசித்ததையெல்லாம் இப்போது இன்னொருவரின் நாக்கு சரியென்று சொல்லவேண்டும். அதுவும் எந்த நாக்கு!

முதல் தம்ளர். பாலசுந்தரம் உறிஞ்சினார், முகத்தைக் கோணினார். "ஆஸ்பத்திரி இருமல் மருந்து."

இரண்டாவது. துள்ளி எழும்பினார். "தண்ணி! பச்சைத் தண்ணி கலந்திருக்கு! துரை, இதுதான் நான் சொன்ன களவு!"

நாகேந்திரம் அடுத்த தம்ளரை அவருக்கு முன்னால் நகர்த்தினார்.

மூன்றாவது. உறிஞ்சினார். திட்டுவதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றது. தம்ளரை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். இன்னொரு வாய் குடித்தார்.

"இது..." என்றார் கடைசியில், குரல் தணிந்து. "இதுதான் பர்கண்டி. விழுங்கின பிறகும் போகாமல் நிக்குது. லண்டனிலைகூட எனக்கு இப்பிடி ஒண்டு கிடைக்கேல்லை."

துரை துண்டை விரித்து வாசித்தார். "முதலாவது, மிஸ்டர் பாலசுந்தரத்தின் கறுத்த வைன். இரண்டாவது, குளோ வல்பெரில் காற்பங்கு தண்ணீர். மூன்றாவது, குளோ வல்பெர். பெட்டியிலிருந்து அவர் கையால் எடுத்தபடி."

அந்த நேரம் பார்த்து பாணந்துறை ரெயில் போனது. அலுமாரிக்குள் கிளாசுகள் எல்லாம் சேர்ந்து சிரித்தன.

துரை சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தார். நாகேந்திரம் அதைத் தொடவில்லை.

"கடிதம் ரெண்டு பக்கம் வந்தது, துரை. பதிலும் ரெண்டு பக்கம் வரட்டும்."

"நாகேந்திரம், நான் வாயாலை சொன்னாப் போதாதோ?" என்றார் பாலசுந்தரம்.

"வாயாலை சொல்லியிருந்தீங்களெண்டால் போதும், ஐயா. நீங்கள் எழுதிப்போட்டீங்கள்."

அருந்ததி பேனாவும் மைக்கூடும் கொண்டுவந்து புருஷனுக்கு முன்னால் வைத்தாள். இரண்டு பக்கத்துக்கும் தாளும் எண்ணி வைத்தாள். அட்வகேட் பாலசுந்தரம், வாழ்க்கையில் முதன்முறையாக, எதிர்க்கட்சிக்காரர் சொல்லச் சொல்ல எழுதினார். மை காய்ந்த பிறகுதான் நாகேந்திரம் சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகினார்.

வீட்டில் சரோஜினிதேவி அவரை வாசல் படலையிலேயே மறித்தாள். "கிட்ட வாங்கோ. என்ன மணக்குது?"

"நடுச்சரிவு," என்றார் நாகேந்திரம், கடிதத்தை நீட்டிக்கொண்டு.

பாலசுந்தரத்தைத் தோற்கடித்துவிட்டதாக யாரும் நினைக்கவேண்டாம். அந்த ரகம் தோற்பதில்லை. அடுத்த மாதமே ஜட்ஜுக்கு மறு விருந்து வைத்து, குளோ வல்பெரை வெள்ளித் தம்ளரில் ஊற்றி, "பர்கண்டியில் வெள்ளிப் பாத்திரத்தில்தான் ருசி பார்ப்பார்கள்" என்று விளக்கினார். நாகேந்திரம் சொல்லிக் கொடுத்தது. ஜட்ஜ் மூன்று தரம் கேட்டுக் குடித்தார். மழைக்காலம் முடியுமுன் கறுவாத்தோட்டத்துப் பெரிய வீடுகளிலெல்லாம் சீதனத் தம்ளர்களைப் புளிபோட்டு மினுக்கினார்கள்.

தோட்டக்காரரின் கடிதத்துக்குப் பிரான்சுக்குப் போன பதிலை நாகேந்திரமே எழுதினார், அகராதியைப் பார்த்து, பிரெஞ்சில்:

"ஐயா, உங்கள் வைனை இன்னும் இருபது பெட்டி அனுப்பவும். நிறம் வெளிறியிருந்தால் கவலை வேண்டாம். இங்கே இப்போது ஒருவரும் பார்ப்பதில்லை."